லேசர் டேக் வெஸ்ட்: முதல் அடி பதிவாகுது, அடுத்தது பதிவாகல

நானோவாசி:
மார்பில் 2, முதுகில் 2, தோளுக்கு ஒன்று என 6 டிஎஸ்ஓபி4856 அகச்சிவப்பு சென்சார். ஆறின் அவுட்புட்டையும் ஒன்றாக முறுக்கி ஆர்டுயினோ நானோ மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் ஒரே பின்னில் கொடுத்திருக்கு. அடி பட்டால் 20 டபிள்யூஎஸ்2812 எல்ஈடி மின்னும், வைப்ரேஷன் மோட்டார் அதிரும். துப்பாக்கி சிக்னலின் புரோட்டோகால் மைல்ஸ்டேக் 2, கேரியர் (சுமக்கும் அலைவரிசை) 56 கிலோஹெர்ட்ஸ். ரெண்டு சிக்கல்: முதல் அடி விழுந்து மின்னும்போது வரும் அடுத்த சூடு பதிவாகல, சில நேரம் யாரும் சுடாமலே கண்டபடி பிட் வருது. அவுட்புட்டை இப்படிச் சேர்த்ததுதான் தப்பா?

ஈயப்பற்று:
சேர்த்தது தப்பில்லை. அந்த சென்சார் ஐசியின் அவுட்புட் கீழே மட்டும்தான் இழுக்கும். மேலே தூக்குவது உள்ளே இருக்கும் 30 கிலோ ஓம் ரெசிஸ்டர். ஆறும் சேர்ந்தால் 5 கிலோ ஓம், 5 வோல்ட்டில் 1 மில்லிஆம்ப். தாராளமாகத் தாங்கும். என்ன, ஒரு சென்சார் உளறினால் ஆறும் உளறும், அடி எந்தப் பக்கம் பட்டது என்றும் தெரியாது. நானோவில் பின் மிச்சமிருந்தால் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள்.

முதல் சிக்கலுக்குக் காரணம் எல்ஈடி. ஒரு டபிள்யூஎஸ்2812க்கு 24 பிட், பிட்டுக்கு 1.25 மைக்ரோசெகண்ட், ஆக 30. இருபதுக்கு 600. அந்த நேரம் முழுக்க எல்ஈடி லைப்ரரி இன்டரப்ட்டை (பின்னில் சிக்னல் மாறியதும் சிப்பைக் கூப்பிடும் வசதி) அணைத்து வைக்கும். உங்கள் புரோட்டோகாலில் பூஜ்ஜியம் என்ற பிட்டின் நீளமே 600 மைக்ரோசெகண்ட்தான்! ஒன்று என்ற பிட் 1200, ஹெடர் (தொடக்கக் குறி) 2400, நடுவில் இடைவெளி 600. ஒரு தடவை எல்ஈடியைப் புதுப்பித்தாலே ஒரு விளிம்பு (சிக்னல் மாறும் கணம்) பறிபோய்விடும். அனிமேஷன் ஓட்டினால் கேட்கவே வேண்டாம்.

14 பிட் ஃபிரேம் (ஒரு சூட்டின் முழுத் தகவல்) முடிய 20 முதல் 28 மில்லிசெகண்ட் ஆகும். ஹெடர் தொடங்கிவிட்டால் எல்ஈடியைத் தொடாதீர்கள். ஃபிரேம் முடிந்ததும், ஒரே நிறத்தில், ஒரே தடவை. மின்ன வைப்பதற்காக டிலே() போட்டிருந்தால் அதையும் தூக்குங்கள்.

கேப்பாசிட்டர்காளை:
ரெண்டாவது சிக்கலுக்கு மோட்டாரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். உளறல் நின்றால் சப்ளைதான் குற்றவாளி. மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்ட் சரியும், அதை சென்சார் சிக்னல் என்று எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு சென்சாரின் சப்ளைக் கம்பியிலும் 100 ஓம் தொடராக, காலுக்கு ஒட்டியே 4.7 மைக்ரோஃபாரட். பேட்டரிப் பக்கம் ஒரே ஒரு கேப்பாசிட்டர் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், முக்கால் மீட்டர் கம்பி அதைக் கெடுத்துவிடும். மோட்டாருக்குக் குறுக்கே 1என்4001 டயோடும் 100 நானோஃபாரட்டும். கிரவுண்டு கம்பியைப் பேட்டரியிலிருந்தே தனியாக இழுங்கள்.

பல்ஸ் அளவிலும் கறாராக இருக்காதீர்கள். சென்சார் 6 சைக்கிள் வரை நீட்டும், 5 வரை சுருக்கும். 600 என்பது 510 முதல் 710 வரை எப்படியும் வரலாம். 900ஐ எல்லையாக வையுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் உங்கள் சொந்தச் சூட்டை ப்ளேயர் ஐடி பார்த்துத் தள்ளிவிடுங்கள்.

நானோவாசி:
நன்றி. வெயிலில் தூரம் குறையுதே, மேலே சிவப்பு ஃபிலிம் ஒட்டலாமா? வியர்வைக்கு சிலிகான் பூசலாமா? அடுத்த வெஸ்ட்டை ஈஎஸ்பி32ல் செய்ய எண்ணம்.

ஈயப்பற்று:
ஃபிலிம் வீண். அந்தக் கறுப்பு உடம்பே ஃபில்டர்தான். வெயிலின் இரைச்சலுக்கு உள்ளே இருக்கும் ஏஜிசி (உணர்திறனைத் தானே கூட்டிக் குறைக்கும் பகுதி) தன் காதைப் பொத்திக்கொள்கிறது, அவ்வளவே. மேல்பக்கம் மட்டும் சின்னதாக ஒரு கூரை வையுங்கள். சுற்றிலும் குழாய் மாட்டினால் பக்கவாட்டுச் சூடு விழாது. மிச்சத்தைத் துப்பாக்கியின் லென்ஸ்தான் ஈடுகட்ட வேண்டும்.

சிலிகானில் வினிகர் வாடை அடிப்பது வேண்டாம், செம்பை அரிக்கும். நியூட்ரல் க்யூர் (அமில வாடை இல்லாத வகை) என்று கேட்டு வாங்குங்கள்.

ஈஎஸ்பி32ல் ஆர்எம்டி (பல்ஸ்களைத் தானே அனுப்பும் தனி ஹார்டுவேர் பகுதி) மூலம் எல்ஈடியை ஓட்டினால் இன்டரப்ட் தொல்லை பெரும்பாலும் தீரும். சென்சாரையும் 3.3 வோல்ட்டிலேயே ஓட்டுங்கள். அவுட்புட்டை டயோடு வழியாகச் சேர்க்கிறவர்கள் 1என்4148 போடுவார்கள். 5 வோல்ட் நானோவில் அது ஓடும். ஈஎஸ்பி32ல் அதே டயோடு போட்டால் சிக்னலின் கீழ்நிலை 0.8 வோல்ட்டைத் தொடும், ஈஎஸ்பி32 பூஜ்ஜியம் என்று உறுதியாக ஏற்கும் எல்லையே 0.82தான். பிஏடி85 மாதிரி ஷாட்கி டயோடு (வோல்ட் இழப்பு குறைவான வகை) போடுங்கள், இல்லையென்றால் நேராகவே முறுக்கிவிடுங்கள்.