பொருள்: மேட்ரிக்ஸ் – ‘அணி’ வேண்டாம், வேறு சொல் தேவை

மஞ்சக்குப்பத்திலிருந்து:

வணக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அச்சுக்கலை வரலாறு பற்றி எட்டுப் பக்கக் கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். குட்டன்பர்க் பகுதியில் நிற்கிறேன். எஃகு முனையில் எழுத்தைச் செதுக்கிச் செம்பில் அடித்தால் பள்ளம் விழும். பள்ளத்தில் ஈயக் கலவையை ஊற்றினால் எழுத்து. எஃகை ‘முத்திரை உளி’ என்றுவிட்டேன். செம்பு மேட்ரிக்ஸை என்ன சொல்ல? கைக்கு வந்த வரைவில் ‘அணி’ என்றிருக்கிறது. கணக்கில் அணி படிக்கிற பிள்ளை குழம்பிவிடும்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

‘எழுத்துக்கரு’ என்று போடுங்கள் அம்மா. சிலை வார்ப்பவர்கள் மெழுகு உருவத்தைச் சுற்றி மண் அப்புவதைக் கருக்கட்டுதல் என்பார்கள். இலத்தீன் மேட்ரிக்ஸும் தாய், கருப்பை என்ற பொருளில் கிளைத்ததுதான். இரண்டு மொழியும் ஒரே இடத்தில் வந்து சேருகின்றன, விடலாமா?

லாஸ்பேட்டையிலிருந்து:

ஐயா, மண் கருவை ஒரு வார்ப்போடு உடைத்துவிடுவார்கள். செம்புப் பள்ளம் அப்படியா? அதே பள்ளத்தில் ஆயிரம் ‘அ’ வார்க்கலாம். அச்சுக்கலைக்கு உயிரே அதுதான். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் தரங்கம்பாடி வந்தன. அளவில் பெரிது, காகிதத்தைத் தின்றன. சிறிய எழுத்தைப் பிறகு பக்கத்துப் பொறையாறிலேயே வார்த்தார்கள். எழுத்தைப் பிள்ளைபோலப் பெற்றுக்கொண்டே இருப்பது அந்தச் செம்புப் பள்ளம். ‘தாயச்சு’ என்பதே என் சொல்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

நான் முப்பது வருடம் அச்சுக் கோத்தவன். எங்களுக்கு டைப், அதைப் போட்டுவைக்கும் கேஸ், கோக்கும் ஸ்டிக், கோத்ததை அடுக்கும் காலி, அவ்வளவுதான். மேட்ரிக்ஸ் எழுத்து வார்க்கும் இடத்துப் பொருள். அந்தப் பெயரையே வையுங்கள். ‘தாயச்சு’ என்றால் தாய்க்கும் அச்சுக்கும் என்ன உறவு என்று பிள்ளை கேட்கும்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

அச்சு என்பதே பெரிய கதை. ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்ற குறளில் அது வண்டிச் சக்கரம் சுழலும் இருசு. வடமொழி அக்ஷத்தோடு சேர்ப்பார்கள். குறிஞ்சிப்பாடித் தறியில் பாவு நூல் நுழைவதும் அச்சு. வார்ப்பு அச்சு இவற்றில் எதன் உறவு என்று முதலில் பார்க்க வேண்டாமா? சொல்ல மறந்தேன்: 1761இல் ஆங்கிலேயர் நம் புதுச்சேரியைப் பிடித்தபோது இங்கிருந்த அச்சுப்பொறியையும் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். வேப்பேரியில் ஜெர்மன் பாதிரியார் ஃபப்ரிசியுஸ் கையில் அது தமிழ் அச்சிட்டது.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

ஐயா, எனக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. நேற்று வண்டிப்பாளையத்துப் பொம்மை அச்சு ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஒரு பெண் உள்ளே விரலை விட்டு, பிள்ளையாரின் தும்பிக்கை உள்வாங்கி இருப்பதைத் தடவிப் பார்த்து, “குழி அச்சு, டீச்சர்” என்றாள். ‘குழியச்சு’ என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் மேட்ரிக்ஸ் என்றும் எழுதுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

சரிம்மா. புரியும்.

லாஸ்பேட்டையிலிருந்து:

எனக்கு உடன்பாடில்லை. குழி என்பது அதன் வடிவம், தாய் என்பது அதன் வேலை. உலோகத் தகட்டில் குழி வெட்டி மை நிரப்பிப் படம் எடுக்கும் அச்சு முறை அடுத்த பாடத்தில் வருமே, அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?