பினாங்கு ஜார்ஜ் டவுன்: போய் வந்த வடசென்னைக்காரர்கள் சொல்லுங்கள்

மண்ணடி பாய்

சென்னை ஜார்ஜ் டவுனின் லிங்கிச் செட்டித் தெருவில் பிறந்தவனுக்கு இன்னொரு ஜார்ஜ் டவுனைக் காட்டி அசத்த முடியாது என்ற நினைப்போடுதான் போனேன். மச்சான் மலேசியாவில் பட்டர்வொர்த்தில் வேலை பார்க்கிறார். அங்கே ஃபெர்ரி ஏறினால் எதிர்க்கரை பினாங்குத் தீவு, இறங்குகிற இடமே பழைய நகரம். நம்முடையதற்கு 1911இல் ஐந்தாம் ஜார்ஜுக்காகப் பெயர் மாற்றினார்கள். அவர்களுடையதற்கு 1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கியபோது வைத்தது மூன்றாம் ஜார்ஜின் பெயர். 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டது.

அங்கேயும் ஒரு ஆர்மீனியன் தெரு உண்டு. நம் தெருவில் 1772இல் கட்டிய ஆர்மீனியன் சர்ச் இருக்கிறது. லாரிக்கும் மூட்டைக்கும் நடுவே அதன் கதவைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. அங்கே கூட்டம் நிற்பது சுவரில் வரைந்த இரண்டு பிள்ளைகளுக்காக. லிதுவேனியாக்காரர் எர்னெஸ்ட் ஸகாரெவிச் 2012இல் வரைந்தது. பிள்ளைகள் ஓவியம், அவர்கள் ஏறியிருக்கும் சைக்கிள் நிஜம். போட்டோ எடுக்க வரிசை. எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை, மச்சான் மட்டும் நின்றார்.

கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தெரு வேறு விஷயம். ஒரு முனையில் செயின்ட் ஜார்ஜ் சர்ச், கொஞ்சம் தள்ளி சீனர்களின் குவான் யின் கோயில், பக்கத்து குயின் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், அப்புறம் பள்ளிவாசல். எல்லாம் நடந்துபோகிற தூரம்தான். சர்ச் 1818இல் முடிந்தது. ராணுவ எஞ்சினியர் ராபர்ட் ஸ்மித் பொறுப்பில், கைதிகளை வேலை வாங்கிக் கட்டியது. நம் கதீட்ரல் ரோட்டு சர்ச்சைப் பார்த்தவர்கள் அந்த முன்பக்கத் தூண்களை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

பள்ளிவாசல் 1801இல் தொடங்கியது. தொடங்கியவர் காதர் மொய்தீன், அங்கே குடியேறிய தமிழ் முஸ்லிம்களின் தலைவர். 'கப்பித்தான்' என்பது அவருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த பதவி. இப்போது பார்க்கிற குவிமாடத் தோற்றம் 20ஆம் நூற்றாண்டில் வந்தது. மதியம் லுஹர் தொழுதுவிட்டு வெளியே செருப்பு மாட்டும்போது ஒரு பெரியவர், "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். மண்ணடி என்றதும், "அங்கப்ப நாயக்கன் தெரு மஸ்ஜித் மாமூர் எப்படி இருக்கு?" என்று கேட்டாரே பார்க்கலாம்! பூர்வீகம் கடையநல்லூர், தொழில் காசு மாற்றுவது. மண்ணடியில் மாமா கடையில் சின்ன வயதில் இருந்திருக்கிறார். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு என்னைச் சூலியா தெரு முனையில் இருக்கும் நாகூர் தர்காவுக்குக் கூட்டிப்போனார். ஷாகுல் ஹமீது ஆண்டகை அடங்கியிருப்பது நாகூரில்தான். கடல் தாண்டிப் போனவர்கள் நினைவுக்காக எழுப்பியது இது. சின்னக் கட்டடம். கூட்டமில்லை, வரிசையில்லை. அந்த ஊரில் எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

தங்கசாலை அக்கா

பாய் சொன்ன தெருவெல்லாம் சரி. ஆனால் பினாங்கைத் தைப்பூசத்துக்குப் போய்ப் பார்க்காவிட்டால் பாதிதான் பார்த்த கணக்கு. என் மாமனாரின் அப்பா அங்கே பினாங் தெருவில் நகரத்தார் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கியில் கணக்கப்பிள்ளை. ரஜுலா கப்பலில் போனவர். மெட்ராஸ், நாகப்பட்டினம், அப்புறம் நேரே பினாங்கு. வீட்டில் அந்தக் கப்பலைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது.

பூசத்துக்கு முந்தின நாள் விடியற்காலையில் பினாங் தெருக் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்புகிறது. வாட்டர்பால் ரோட்டு நகரத்தார் கோயிலுக்குப் போய்ச் சேர நாள் முழுக்க ஆகும். வழி நெடுகச் சீனர்கள் தேங்காயை மலை மாதிரி குவித்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ரதம் நெருங்கியதும் ஆளாளுக்கு எடுத்து அடிக்கிற அடியில் ரோடே வெள்ளையாகிவிட்டது. நம் கந்தகோட்டத்தில் சிதறுகாய் பார்த்து வளர்ந்தவள்தான் நான், இருந்தாலும் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றேன். 2017 முதல் தண்ணீர்மலை மேலிருக்கும் முருகன் கோயில் சார்பில் வேலாயுதத்தை ஏற்றிய தங்க ரதமும் போகிறது. அதனால் ஊர்க்காரர்களிடையே வெள்ளிக் கட்சி, தங்கக் கட்சி என்று பேச்சும் உண்டு. அதில் நாம் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

தண்ணீர்மலையில் மேல் கோயிலுக்கு 500க்கும் மேற்பட்ட படிகள். முட்டி வலிக்காரர்கள் வெயிலுக்கு முன்னால் ஏறிவிடுங்கள்.

காசிமேட்டுக்காரன்

நான் கோயில், சர்ச் பக்கம் அதிகம் போகல. சௌ ஜெட்டி என்கிற படகுத்துறைக் குடியிருப்பைத்தான் பார்த்தேன். கடலுக்குள் கால் நட்டு, மேலே பலகை போட்டு, வரிசையாக வீடு. 19ஆம் நூற்றாண்டில் துறைமுகத்தில் சரக்கு இறக்கவும் படகு ஓட்டவும் வந்த சீனர்கள் கட்டியது. ஒரு ஜெட்டிக்கு ஒரு குலம். சௌ, லிம், டான், லீ என்று தனித்தனி. மீன்பிடிக் குடும்பத்துப் பையன் என்பதால் எனக்கு முதலில் கண்ணில் பட்டது கால்கள்தான். தண்ணீர் வற்றினபோது அடியில் எட்டிப் பார்த்தேன். மரக்காலுக்குப் பக்கத்தில் பல இடத்தில் சிமெண்ட் கால் வந்துவிட்டது.

மேலே பாதி வீடு டீ-ஷர்ட் கடையும் ஐஸ்கிரீம் கடையும். மீதி வீடுகளில் ஜனம் இருக்கிறார்கள். 'உள்ளே போட்டோ எடுக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டியும், நம்ம கண் எதிரிலேயே ஒருத்தர் ஜன்னல் வழியாகக் கேமராவை நீட்டுகிறார். உள்ளே ஒரு ஆயா சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எங்கள் குப்பத்தில் இப்படி எவனாவது செய்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாய், அந்த ஊர் அழகாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு உள் தெருக்களில் ஆளே இல்லையே, அது ஏன்? நம்ம மண்ணடியில் அந்த நேரத்துக்குத்தான் ஜனமே வெளியே வரும்.

மண்ணடி பாய்

தம்பி கேட்டது சரியான கேள்வி. அதையே நான் அந்தப் பெரியவரிடம் கேட்டேன். அங்கே 1966ஆம் வருடச் சட்டம் ஒன்று பழைய வீடுகளின் வாடகையைக் கட்டிப்போட்டு வைத்திருந்தது. வாடகை ஏறாததால் யாரும் இடித்துக் கட்டவில்லை, அதனால் கட்டடமெல்லாம் தப்பித்தது. 2000 தொடக்கத்தில் அந்தச் சட்டம் போனதும் வாடகை எகிறி, கீழே கடை, மேலே வீடு என்று தலைமுறையாக இருந்தவர்கள் காலி செய்துகொண்டு போனார்கள். அந்த இடங்கள் பல இப்போது ஹோட்டல். நாம் ரசித்துப் பார்க்கிற வர்ணமெல்லாம் அதற்கப்புறம் அடித்தது. இங்கேயும் 1960ஆம் வருட வாடகைச் சட்டம் போய் 2019இல் புதுசு வந்திருக்கிறது. நம் பக்கம் கட்டடத்தைக் காப்பாற்ற ஆளில்லை, குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் கிளப்பிவிட்டால் மிச்சம் குடோன்தான். எங்கள் தெருவில் ஏற்கனவே பாதி அப்படித்தான்.

சாப்பாட்டை யாரும் சொல்லவில்லையே! நாசி கண்டார் சாப்பிடாமல் வராதீர்கள். நம் ஆட்கள் தோளில் தடி வைத்து, இரண்டு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகக் கூலிகளுக்கு விற்ற சாப்பாடு. எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்ற 'பஞ்சிர்' என்று சொன்னால் போதும். மீன் தலைக்கும் பெரிய இறாலுக்கும் மட்டும் விலையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.