டரான்டுலா சிலந்தி தரையில இறங்கவே மாட்டேங்குது, தொட்டிய மாத்தணுமா?

லண்டன்ல இருக்கேன். எங்கிட்ட ஒரு கர்லி ஹேர் டரான்டுலா இருக்கு, பொண்ணு, கால் விரிச்சா 11 செ.மீ வரும். பழைய பிளாஸ்டிக் டப்பாவுல ஜம்முனு குழி தோண்டிட்டு இருந்துச்சு. மூணு வாரம் முன்னாடி புது கண்ணாடி தொட்டிக்கு மாத்துனேன், அன்னைலருந்து ராத்திரி பூரா கண்ணாடியில ஏறி மூடியிலயே தொங்குது, போட்ட கிரிக்கெட் பூச்சியயும் தொடல.

தொட்டி 30க்கு 30, உயரம் 45 செ.மீ. கடைக்காரர் இதுதான் கரெக்ட்னு தலையில கட்டிட்டார். உள்ள தேங்கா நார்த்தூள் 8 செ.மீ தான் இருக்கு. இது மரத்துல ஏறுற ரகம் இல்ல, அவ்ளோ உயரத்துலருந்து விழுந்தா வயிறு கிழிஞ்சு செத்தே போயிடலாம், அதான் பயம்.

முதல்ல நார்த்தூள் ஈரம் ஜாஸ்தியோன்னு ஒரு வாரம் காய விட்டேன், தண்ணி கிண்ணம் மட்டும் வச்சேன். அடியில சூட்டுக்கு வச்சிருந்த ஹீட் மேட்டயும் எடுத்துட்டேன், ரூம் 23 டிகிரி இருக்கு. ஒளிஞ்சுக்க கார்க் மரப்பட்டைய பாதி புதைச்சு வச்சேன், எட்டிக்கூட பாக்கல. கம்பி வலை மூடியில நகம் மாட்டுதுன்னு அக்ரிலிக் ஷீட்ல ஓட்டை போட்டு மூடியாச்சு.

இப்ப கேள்வி ஒண்ணுதான்: இதே தொட்டியில மேல்மண் கலந்து 30 செ.மீ வரைக்கும் அழுத்தி நிரப்பிட்டா போதுமா, இல்ல உயரம் கம்மியா அகலமா வேற டப்பா வாங்கியே ஆகணுமா?