பெறாத அம்மாவின் உரிமையை முதலில் எழுத்தில் வாங்கிவிடுங்கள்

பெண்ணும் பெண்ணும் ஜோடியாக வெளிநாடு வந்து, இனி குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று யோசிக்கிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். விசா, வாடகை வீடு பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், இதைச் சொல்லத்தான் ஆள் குறைவு. எங்கள் மகளைச் சுமந்து பெற்றது என் துணைவி. நான் பெறாத அம்மா, அந்தப் பக்கத்திலிருந்துதான் பேசுகிறேன்.

விந்து தானம் வாங்கிக் கருத்தரிக்கும் சிகிச்சைக்குக் கிளினிக்கில் தேதி வாங்கும் முன்பே நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். பிரிட்டனில் 2009 ஏப்ரல் முதல், திருமணமோ சிவில் பார்ட்னர்ஷிப்போ (திருமணம் போலவே சட்டப்படி பதிவு செய்யும் உறவு) செய்துகொண்ட பிறகு சிகிச்சை எடுத்தால், பெறாதவரும் சம்மதித்திருக்கும் பட்சத்தில் பிறப்பிலிருந்தே சட்டப்படி பெற்றோர்தான். திருமணம் ஆகாதவர்கள் என்றால் உரிமம் பெற்ற கிளினிக்காக இருக்க வேண்டும், சிகிச்சைக்கு முன்பே இருவரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். செலவு மிச்சம் என்று தெரிந்த ஆணிடம் விந்து வாங்கி வீட்டிலேயே முயற்சி செய்தால், திருமணம் ஆகாத ஜோடிக்கு அந்த ஆளே சட்டப்படி தந்தையாகிவிடலாம். தயவுசெய்து அதில் இறங்காதீர்கள்.

பிரான்சில் 2021 சட்டத்துக்குப் பிறகு பெண் ஜோடிகளும் சிகிச்சை பெறலாம், ஆனால் குழந்தை உண்டாகும் முன்பே நோட்டரி முன்னால் இருவரும் சேர்ந்து ஒப்புக்கொண்டு எழுதித் தர வேண்டும். ஜெர்மனியில் 2017லேயே கல்யாண உரிமை வந்துவிட்டது, அப்படியும் பெறாத அம்மா தன் குழந்தையைத் தானே தத்தெடுக்க வேண்டியிருந்தது. கனடாவில் ஒன்டாரியோ 2017 முதல் இந்தத் தத்து அலைச்சலை நீக்கிவிட்டது.

அமெரிக்காவில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். திருமணமான பெண் ஜோடி என்றால் இருவர் பெயரையும் பிறப்புச் சான்றிதழில் போட மறுக்கக் கூடாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் வக்கீல்கள் தத்து உத்தரவு ஒன்றையும் வாங்கிவைக்கச் சொல்வார்கள். பிறப்புச் சான்றிதழ் ஒரு பதிவு மட்டுமே, நீதிமன்ற உத்தரவு அப்படியல்ல. ஒரு மாநிலம் கொடுத்த தத்து உத்தரவை இன்னொரு மாநிலம் தள்ள முடியாது என்று 2016இல் அதே நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. சொந்தப் பிள்ளையைத் தத்தெடுப்பதா என்று கோபம் வரும், எனக்கும் வரும், இருந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஒருவர் கருமுட்டை, மற்றவர் வயிறு என்று செய்கிற ஐவிஎஃப், அதாவது உடலுக்கு வெளியே கருவை உண்டாக்கி வயிற்றில் வைக்கும் சிகிச்சை. ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் முட்டை கொடுத்ததால் மட்டும் உரிமை வந்துவிடாது. பிரிட்டனில் சுமந்து பெறுபவர்தான் தாய், முட்டை யாருடையதாக இருந்தாலும்.

இந்தியாவுக்குக் குழந்தையோடு போகிறவர்களுக்கு: 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நம் கல்யாணத்தை அங்கீகரிக்கவில்லை, ஜோடியாகத் தத்தெடுக்கும் உரிமையும் கிடைக்கவில்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று சொன்னது மனதுக்கு ஆறுதல், ஆனால் அதை வைத்து ஆஸ்பத்திரியில் பெற்றோர் என்று கையெழுத்துப் போட முடியாது. பெற்றவர் எழுதிக் கொடுத்த, நோட்டரி சான்றளித்த கடிதம் பெறாதவர் பையில் இருக்கட்டும்.

சரி, காகிதம் போதும். பிறந்த பிறகு முதல் சில வாரங்கள் பெறாத அம்மாவுக்குக் கஷ்டமானவை. நான் தூக்கினால் அழுகை கூடும், பால் இருக்கிற பக்கம் கை நீளும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. குளிப்பாட்டுவதை முழுக்க என் வேலையாக எடுத்துக்கொண்டேன். தலையை என் முழங்கை மடிப்பில் தாங்கி, காதில் தண்ணீர் போகாமல் கையை வைத்து ஊற்றும்போது அவள் அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். உங்களுக்கும் அப்படி ஒரு வேலை தினமும் வேண்டும், பெற்றவர் அதில் தலையிடக் கூடாது. விருப்பமிருந்தால் பெறாதவருக்கும் பால் சுரக்கவைக்க வழி உண்டு, பிரசவத்துக்குப் பல மாதம் முன்பே டாக்டரிடம் பேசுங்கள்.

"நிஜ அம்மா யாரு?" என்று நர்ஸ் கேட்பார், பக்கத்து வீட்டார் கேட்பார், பாட்டி தாத்தாவும் கேட்பார்கள். "ரெண்டு பேரும்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுங்கள், விளக்கம் வேண்டாம், குழந்தை கேட்டுக்கொண்டிருக்கிறது. அப்பா இல்லாமல் பிள்ளை கெட்டுவிடும் என்கிற பெரியவர்களுக்கு: அமெரிக்காவில் 1986இல் தொடங்கி லெஸ்பியன் அம்மாக்களின் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து வரும் ஆய்வு ஒன்று இருக்கிறது. பதினேழு வயதில் அவர்கள் நன்றாகவே இருந்தார்கள் என்று 2010இல் வெளியிட்டார்கள். என் மாமியார் அதைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லவில்லை, ஆனால் அதற்கப்புறம் அந்தக் கேள்வி வரவில்லை.

டோனர், அதாவது விந்து தானம் கொடுத்தவர் பற்றிக் குழந்தையிடம் பேச்சு புரிகிற வயதிலேயே சொல்ல ஆரம்பியுங்கள். பிரிட்டனில் 2005 ஏப்ரலுக்குப் பின் பதிவு செய்த டோனர் என்றால் 18 வயதில் அவள் அவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உங்களிடமிருந்து முதலில் வரட்டும்.

அப்புறம், இருவரும் உயில் எழுதி அதில் குழந்தைக்குக் காப்பாளர் பெயரையும் போட்டுவிடுங்கள். வேறு நாட்டில் இருப்பவர்கள் நாட்டின் பெயரையும், திருமணம் ஆனதா இல்லையா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், அங்கே இருக்கும் அம்மாக்கள் யாராவது பதில் சொல்வார்கள்.