ஒன்பது பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். பயிற்சிக்கு அனுப்பினால் அவர்கள் சீட்டை (இருக்கைப் பணியை) யார் பார்ப்பது?

பணியமைப்பு உதவியாளர் (கேள்வி கேட்டவர்)

வணக்கம். ஒரு துறையின் மாவட்ட அலுவலகத்தில், ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் பணியமைப்புப் பிரிவில் இருக்கிறேன். குரூப் 4 கலந்தாய்வு முடிந்து எங்கள் அலகுக்கு ஏழு இளநிலை உதவியாளர்களும் இரண்டு தட்டச்சர்களும் வந்திருக்கிறார்கள். நான்கு பேர் இங்கே, மற்றவர்கள் சார்நிலை அலுவலகங்களில். ரொம்ப நாளாகக் காலியாகக் கிடந்த சீட்டுகள் என்பதால், சேர்ந்த அன்றே தன்பதிவேட்டை (அந்த சீட்டுக்கு வரும் தாள்களைப் பதியும் பதிவேடு) கையில் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

இப்போது புதியவர்களுக்கு பவானிசாகரில் நடக்கும் அடிப்படைப் பயிற்சிக்குப் பெயர்ப் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். சார்நிலை அலுவலகங்களில் கேட்டால், "இப்போதுதான் ஆள் வந்தது, அதற்குள் ரிலீவ் செய்யச் சொன்னால் எப்படி?" என்கிறார்கள். எங்கள் அலுவலரும் தயங்குகிறார். அதற்கும் காரணம் உண்டு. முன்பு ஒருவர் பயிற்சிக்குப் போனபோது ஒரு தகவல் உரிமைச் சட்ட மனு அவருடைய பீரோவுக்குள் மாட்டிக்கொண்டது. பதில் தர வேண்டிய 30 நாள் கெடு தாண்டி, மேல்முறையீடு வந்த பிறகுதான் சாவி எங்கே என்று தேடினார்கள்.

இதற்கிடையில் மூன்று பேருக்கு இன்னும் சம்பளம் போடவில்லை. இரண்டு பேர் தினமும் வந்து கேட்கிறார்கள். மூன்றாமவர் எதுவும் கேட்பதில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருக்கிறது.

எல்லோரையும் ஒரே அணியில் அனுப்பி முடித்துவிடலாமா, பிரித்து அனுப்பலாமா? சம்பளத்துக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

அனுப்பலாமா வேண்டாமா என்பதே கேள்வி இல்லை தோழர். தகுதிகாண் பருவம் என்பது மூன்று ஆண்டு தொடர் காலத்துக்குள் இரண்டு ஆண்டு பணி. அது முடியும்போது பணிப்பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். பவானிசாகர் பதிவு இல்லையென்றால் கோப்பு திரும்பி வரும். அன்றைக்கு "அலுவலக நலன் கருதி விடுவிக்கப்படவில்லை" என்று எழுதிய அலுவலர் மாறுதலில் எங்கோ போயிருப்பார். பாதிக்கப்படுவது அந்தப் பையனோ பெண்ணோதான். உதவியாளர் பதவி உயர்வுப் பட்டியலிலும் அதே கதைதான்.

பயிற்சியைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. கல்விச் சான்றிதழ்களின் உண்மைத்தன்மைக்கு எழுதிவிட்டீர்களா? பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம், பட்டத்துக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம். வெளிமாநிலப் பல்கலைக்கழகம் யாருக்காவது இருந்தால் அதை முதலில் அனுப்புங்கள். பதில் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை, அதனால்தான் சேர்ந்த வாரமே அனுப்பச் சொல்கிறேன். எவ்வளவோ பணிவரன்முறைக் கோப்புகள் (நியமனத்தை முறைப்படுத்தும் கோப்புகள்) இந்த ஒரு கடிதத்துக்காகக் கட்டிப் போடப்பட்டிருக்கின்றன.

ஆளுக்கு ஒரு தாள் போடுங்கள். பணியேற்ற தேதி, முற்பகலா பிற்பகலா, தேர்வாணையத் தரவரிசை எண், உடற்தகுதிச் சான்று, காவல்துறை சரிபார்ப்பு, உண்மைத்தன்மை எழுதிய தேதி, பயிற்சி அணி, துறைத் தேர்வு. ஒன்பது தாளும் ஒரே கோப்பில் இருக்கட்டும். நீங்கள் மாறுதலில் போனாலும் அடுத்தவருக்குப் புரியும்.

பில் பிரிவுக்காரர்

சம்பளம் பற்றி மட்டும் சொல்கிறேன். களஞ்சியம் என்பது சம்பளம் போடும் அரசு மென்பொருள். "களஞ்சியத்தில் ஏறவில்லை" என்பதை அப்படியே நம்பாதீர்கள். தொடக்கநிலை, சரிபார்ப்பு, ஒப்புதல் என்று மூன்று லாகின். எந்த லாகினில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். பாதி நேரம் நம் அலுவலரின் லாகினிலேயே தூங்கிக்கொண்டிருக்கும்.

அங்கே இல்லையென்றால் பணியிடத்தைப் பாருங்கள். அந்த சீட்டில் முன்பு இருந்தவர் மாறுதலில் போயிருப்பார், ஆனால் கணினியில் அவரை விடுவித்திருக்க மாட்டார்கள். ஒரு நாற்காலியில் இரண்டு பேரை அது உட்கார வைக்காது. பழைய அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டால் போதும். அடுத்தது, தற்காலிகப் பணியிடமாக இருந்தால் தொடர் நீட்டிப்பு ஆணை நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆணை முடிந்திருந்தால் கருவூலத்தில் ஆட்சேபணை போட்டுத் திருப்பிவிடுவார்கள்.

அப்புறம் பெயர். நியமன ஆணையில் முதலெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக, வங்கிக் கணக்கில் வேறு மாதிரி. அந்த "கேட்காதவர்" கணக்கை முதலில் பாருங்கள், பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

ஓய்வூதியப் பங்களிப்புக் கணக்கு எண்ணுக்கும் இப்போதே அனுப்புங்கள். 10 சதவீதப் பிடித்தம் தள்ளிப் போனால் பின்னால் நிலுவையோடு சேர்த்துப் பிடிப்பார்கள். 19,500 அடிப்படை ஊதியக்காரருக்கு அது பெரிய அடி.

வடமாவட்ட இளநிலை உதவியாளர்

நான் போன தேர்வில் வந்தவள். முதல் நாள் தன்பதிவேட்டைக் கொடுத்து, "பார்த்தாலே புரியும்" என்றார்கள். ந.க. எண் என்றால் என்ன, ஒரு தபால் வந்தால் முதலில் எங்கே பதிய வேண்டும், குறிப்பு எழுதுவதா நேராக வரைவு வைப்பதா, எதுவும் தெரியாது. கேட்டால் சிரிப்பார்களோ என்ற பயம் வேறு.

பக்கத்து சீட் அக்கா ஒரு முடிந்துபோன கோப்பை எடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படிக்கச் சொன்னார். முடிவு என்ன, அதற்கு முன் அலுவலர் என்ன கேட்டார், அதற்கு முன் பிரிவு என்ன எழுதியது, எல்லாவற்றுக்கும் அடியில் அந்த முதல் மனு. ஒரே மதியத்தில் பாதி வேலை புரிந்துவிட்டது. பவானிசாகரில் அலுவலக நடைமுறை வகுப்பு எடுத்தபோது மற்றவர்கள் விழித்தார்கள், எனக்கு அது ஏற்கெனவே பார்த்த கோப்பாக இருந்தது.

தயவுசெய்து பயிற்சித் தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள் சார். எனக்கு ஆணை கிடைத்தது வெள்ளிக்கிழமை மாலை, திங்கட்கிழமை அங்கே இருக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து ஈரோடு போய், சத்தியமங்கலம் பஸ் பிடித்து, பெட்டியோடு போய்ச் சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கைக்குழந்தை இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

சார்நிலை அலுவலகத் தலைமை

நீங்கள் திட்டும் கட்சியிலிருந்து பேசுகிறேன். ஆளை விடமாட்டேன் என்று எங்களுக்கு ஆசையா? எங்கள் அலுவலகத்தில் ஒரு உதவியாளர் ஏற்கெனவே இரண்டு சீட் பார்க்கிறார். புதியவரை ரிலீவ் செய்து ஆணை வரும். அவர் சீட்டை யார் பார்ப்பது என்று அதில் ஒரு வரி இருக்காது. மூன்றாவது சீட்டும் அந்த உதவியாளர் தலையில் விழும். அவர் மருத்துவ விடுப்பில் போய்விடுவார்.

பயிற்சி ஆணையிலேயே கூடுதல் பொறுப்பு யாருக்கு என்று பெயர் போட்டு அனுப்புங்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் ஒருவரை மாற்றுப்பணியில் கொடுங்கள். நாங்கள் மறுபேச்சு பேசாமல் விடுவிக்கிறோம்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

மேலே சொன்னது நியாயம். ஒரே அணியில் ஒன்பது பேர் வேண்டாம். இரண்டு இரண்டு சீட்டாக ஜோடி சேருங்கள், ஒருவர் போகும்போது மற்றவர் இருக்கட்டும். முதல் அணியைத் தரவரிசைப்படி எடுங்கள், முதுநிலையும் அதை வைத்துத்தான். வரிசை மாற்றினால் காரணத்தைக் கோப்பில் எழுதிவிடுங்கள். யாராவது கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைப் பிரச்சினை இருந்தாலோ எழுத்து மூலம் விண்ணப்பம் வாங்கி அடுத்த அணிக்குப் பரிந்துரைக்கலாம். வாய்மொழியாக "அப்புறம் போகிறேன்" என்று சொன்னதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

பீரோ விஷயம். ரிலீவ் ஆவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் ஒரு பக்கத்தில் குறிப்பு வாங்குங்கள்: கெடு உள்ள தாள்கள் மட்டும். தகவல் உரிமை மனு, நீதிமன்ற வழக்கு, தணிக்கைத் தடை, மாதாந்திர அறிக்கை. எல்லாக் கோப்பையும் பட்டியல் போடச் சொன்னால் ஒன்றையும் ஒழுங்காக எழுத மாட்டார்கள். சாவி கண்காணிப்பாளரிடம்.

பணியமைப்பு உதவியாளர் (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. நிலவரம் சொல்கிறேன். சம்பளம் நின்ற மூன்றில் இரண்டு, முன்பு இருந்தவர்களைக் கணினியில் விடுவிக்காததுதான். போன் போட்டோம், சரியாகிவிட்டது. மூன்றாமவருக்கு, பில் பிரிவு நண்பர் சொன்னபடியே, முதலெழுத்து. வங்கியில் திருத்தக் கொடுத்திருக்கிறார்.

நான்கு பேர், ஐந்து பேர் என்று இரண்டு அணியாகப் பட்டியல் வைத்தேன். கூடுதல் பொறுப்பு வகிப்பவரின் பெயரோடு வரைவு போனதும் அலுவலர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரு சார்நிலை அலுவலகம் மட்டும் இன்னும் மாற்றுப்பணிக்கு ஆள் கேட்டு நிற்கிறது. கொடுக்க இங்கேயும் ஆள் இல்லை, பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு சந்தேகம். தட்டச்சர்களில் ஒருவர் கணினி அலுவலகத் தானியக்கச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை. பயிற்சிக்கு முன்னாலா, பின்னாலா?

பில் பிரிவுக்காரர்

பயிற்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தகுதிகாண் பருவத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த தேர்வு அறிவிப்பு வந்ததும் கட்டணம் கட்டச் சொல்லுங்கள். இளநிலை உதவியாளர்களிடமும் துறைத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை வரும் என்று இப்போதே சொல்லி வையுங்கள். எந்தெந்தத் தாள் என்பது உங்கள் துறை விதியைப் பார்த்து எடுங்கள். அலுவலக நடைமுறை நூல், கணக்குத் தேர்வு இரண்டையும் பவானிசாகர் வகுப்பு நினைவில் இருக்கும்போதே எழுதினால் சுலபம்.

வடமாவட்ட இளநிலை உதவியாளர்

பயிற்சிக் காலம் பணிக்காலம்தான் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள் சார். எங்கள் அணியில் ஒருவர் விடுப்பு கழியும் என்று நினைத்துப் பாதி நாள் கவலையிலேயே இருந்தார்.