டிரெயினிங் டே கிளைமாக்ஸ் சரியா, சொதப்பலா?

நைட்ஷோ நந்தா:
டிரெயினிங் டே (2001) நேத்து திரும்ப பார்த்தேன். டென்சல் வாஷிங்டனுக்கு ஆஸ்கார் குடுத்ததுல ஒரு தப்பும் இல்ல, மனுஷன் மிரட்டிட்டாரு. ஆனா லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் ஊழலை தோலுரிச்ச படம்னு தூக்கி வச்சு ஆடுறீங்களே, அதுதான் ஓவர். அலோன்ஸோன்னு (டென்சல்தான்) ஒரே ஒரு கெட்ட போலீஸ், அவனை ரஷ்யன் மாஃபியா சுட்டுத் தள்ளுது, அவன்கிட்ட டிரெயினிங்குக்கு வந்த நல்ல பையன் ஜேக் வீட்டுக்குப் போறான். அவ்ளோதானா? டிபார்ட்மென்ட் சுத்தமாயிடுச்சா?

கோபி கோடம்பாக்கம்:
சுட்டவுடனே எந்திரிச்சு போயிட்டீங்களா பாஸ்? ஜேக் வீடு திரும்பறப்ப பின்னாடி நியூஸ் ஓடும். ஏர்போர்ட் பக்கம் ஆபத்தான வாரன்ட்டை நிறைவேத்த போன இடத்துல அலோன்ஸோ செத்துட்டாராம், மனைவியும் நாலு பசங்களும் இருக்காங்களாம். கடமைல உயிர விட்ட தியாகி ரேஞ்சுக்கு! செத்தப்புறமும் டிபார்ட்மென்ட் மூடி மறைக்குது. இதுக்கு மேல என்ன சுத்தம் வேணும் உங்களுக்கு

நந்தா:
அதை எவன் கவனிச்சான்? தியேட்டர்ல அந்நேரம் பாதி பேரு செருப்பைத் தேடிட்டு இருப்பான். அதவிடுங்க, பாத்டப் சீன்? அலோன்ஸோ ஏவிவிட்ட கேங்ஸ்டர் ஜேக்கை சுட கன்னை வச்சாச்சு, அப்ப பார்த்து பாக்கெட்ல இருந்து காலைல அவன் காப்பாத்துன பொண்ணோட பர்ஸ் விழுது, அவ அந்த கேங்ஸ்டருக்கே சொந்தக்காரி. அவ்ளோ பெரிய ஊர்ல வேற பொண்ணே கிடைக்கலயா

கோபி:
ஒத்துக்கறேன், கதைக்கு வசதியா எழுதுனதுதான். ஆனா ஸ்மைலிங்கற அந்த கேங்ஸ்டர் பர்ஸைப் பார்த்ததும் உருகிடல, பொண்ணுக்கு போன் போட்டு விசாரிச்சுட்டுத்தான் விடறான். போலீஸ்காரன் ஒரு சாட்சியையும் விசாரிக்காம ஆளை சுடறான், ரவுடி விசாரிக்கறான், அதுதான்யா நக்கல்.

பேட்டைக்காரன்:
ரெண்டு பேரும் ராம்பார்ட் கேஸை மறந்துட்டீங்க, நிஜமாவே நடந்த போலீஸ் ஊழல் அது. ராம்பார்ட்ங்கறது லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸோட ஒரு டிவிஷன், அங்க கேங்குகளை ஒடுக்கன்னு கிராஷ்னு ஒரு தனிப்படை இருந்துச்சு. அதுல இருந்த ரஃபேல் பெரெஸ் போலீஸ் ஆதாரமா வச்சிருந்த கொக்கெய்னைத் திருடி 1998ல மாட்டுனான். அவனும் இன்னொருத்தனும் சேர்ந்து 1996ல ஹாவியர் ஒவான்டோவை சுட்டு, பக்கத்துல துப்பாக்கியைப் போட்டு கேஸை ஜோடிச்சாங்க, இடுப்புக்கு கீழ செயல் இழந்தவனுக்கு 23 வருஷம் தண்டனை வேற. எல்லாம் வெளிய வந்தப்புறம் நூத்துக்கும் மேல தீர்ப்பு ரத்தாச்சு. தனி ஆளா பண்ற வேலையா இது?

நந்தா:
அதைத்தானே நானும் சொல்றேன்! நிஜம் அவ்ளோ பெருசு. படத்துல பெரிய அதிகாரிங்க மூணு பேரு ஹோட்டல்ல சாப்டுட்டே வாரன்ட்டுக்கு விலை பேசறாங்க, அதோட சரி, அப்புறம் ஆளையே காணோம்.

பேட்டைக்காரன்:
அந்த சீன்தான் எனக்கு உறுத்துது. அலோன்ஸோ கிட்ட இருந்து பிடுங்குன காசை ஆதாரம்னு சொல்லி ஜேக் எடுத்துட்டு போறானே, அதை யார்கிட்ட ஒப்படைப்பான்? மேல உக்காந்திருக்கறது அதே மூணு பெருசுங்கதானே