தகைப்பையும் விகாரத்தையும் ஒவ்வொரு படியிலயும் சேமிக்க வேணுமா?

நல்லூர்ப் பனைவளை:
ஒரு பழைய நாற்சார் வீட்டுக் கூரையின்ர பனை வளையை (கூரையைத் தாங்குற மரத்தை) கல்க்யூலிக்ஸ் எண்ட கட்டமைப்புக் கணிப்பு மென்பொருளில கணிக்கிறன். வைரமான வெளிப்பகுதிக்கு ஒரு பொருள், மென்மையான நடுவுக்கு இன்னொண்டு. வளையைப் பிரிச்ச சின்னத் துண்டுகள், அதாவது பத்துக் கணு (மூலையிலயும் விளிம்பு நடுவிலயும் இருக்கிற புள்ளி) நான்முகி மூலகங்கள், 2 இலட்சம். சுமையை 200 படியில ஏத்திறன். எல்லாப் படியிலயும் எல்லா மூலகத்தின்ர தகைப்பையும் (பரப்பு அலகுக்கு உள்ள வாற விசை) விகாரத்தையும் (நீள அலகுக்கு எவ்வளவு நீளுது, சுருங்குது எண்டது) எழுதச் சொன்னன். விடிய எழும்பிப் பாத்தா மடிக்கணினியில இடமே இல்லை, கணக்கு பாதியில நிண்டிட்டுது. எதை விடலாம்?

கொக்குவிலான்:
கணுக்களில சராசரியாக்கின பெறுமானத்தை மட்டும் வைச்சிருங்கோ. இடமும் மிச்சம், படமும் வடிவா வரும்.

பழைய வரைஞன்:
அதை மட்டும் நம்பாதேங்கோ தம்பி. மூலகத்துக்குள்ள கணக்குக்கெண்டு எடுக்கிற நாலு புள்ளிகளில (தொகையீட்டுப் புள்ளிகள்) தான் தகைப்பு கணிக்கப்படுது. கணுவில காட்டுறது அங்கயிருந்து நீட்டி, பக்கத்து மூலகங்களோட சராசரி எடுத்தது. வைரமும் நடுவும் சேருற இடத்தில ரெண்டும் நீளவாட்டில ஒரே அளவு விகாரப்படும். விறைப்பு வேறயெண்டபடியா தகைப்பு அங்க பாயும். சராசரி வைரத்தின்ர தகைப்பைக் குறைச்சுக் காட்டும். அந்த வளைக்குக் கீழ ஆக்கள் படுக்கிறவை.

இடக்கணக்கையும் பாருங்கோ. 2 இலட்சம் மூலகம், நாலு புள்ளி, தகைப்புக்கு 6 கூறு, விகாரத்துக்கு 6, ஒவ்வொண்டும் 8 பைட். படிக்கு 76.8 மெகாபைட், 200 படிக்கு 15 கிகாபைட்டுக்கு மேல. எழுத்துக் கோப்பா எழுதினா இரட்டிப்புக்குக் கிட்ட.

இடப்பெயர்ச்சியை (கணுக்கள் நகர்ந்த அளவை) எல்லாப் படியிலயும் எழுதுங்கோ, அது சின்னது. மீள்தன்மை மட்டுமெண்டா (சுமையை எடுத்தா பழைய வடிவுக்கு வருமெண்டா) அதிலயிருந்தே மற்ற ரெண்டையும் திருப்பிக் கணிக்கலாம். நிரந்தர விகாரம் வந்தா ஏலாது. அப்ப தகைப்பு, சுமை ஏறி வந்த பாதையைப் பொறுத்தது. அதனால முழு வளைக்கும் பத்துப் படிக்கு ஒருக்கா புள்ளிப் பெறுமானம், சுவரில வளை தாங்குற இடத்தை மட்டும் தனிக் கூட்டமாக்கி ஒவ்வொரு படியும்.

நல்லூர்ப் பனைவளை:
நன்றி அண்ணை. அப்பிடியே ஓட்டினன், கணக்கு கடைசிப் படி வரைக்கும் போச்சுது. தாங்குற இடத்தில கணுப் படம் வழுவழுப்பாத்தான் இருக்கு. புள்ளிப் பெறுமானத்தில வைரத்துக்கும் நடுவுக்கும் இடையில பாய்ச்சல் தெளிவாத் தெரியுது. வீட்டுக்காரருக்கு அந்த எண்ணைத்தான் குடுக்கப் போறன்.